முதுகுவலியை இன்றே பாருங்கள், ஜீனைப் பற்றிப் பிறகு பேசலாம்

மண்டபத்தை அடுத்த கடற்கரைக் கிராமத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி, புற்றுநோய் பரவத் துணைபோவதாக உங்கள் தம்பி படித்து அனுப்பிய 'எஸ்100ஏ4' என்ற ஜீனைப் பற்றியது. நான் அதன் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, இன்றும் லெட்ரோசோல் மாத்திரை சாப்பிட்டு வரும் உங்கள் தாயாருக்கு மூன்று வாரங்களாக நடுமுதுகில் வலி இருக்கிறது. படுத்தால் வலி கூடுவதால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் சற்றுக் கண் அயர்கிறார். வயதுக் காலம் வரை கடலில் இறங்கிப் பாசி எடுத்த உடம்பு, குனிந்து குனிந்து தேய்ந்த முதுகு என்று அவரே சொல்வதை நம்பித் தைலம் தேய்த்து வருகிறீர்கள். அடுத்த வரியிலேயே, நடக்கும்போது இடது காலிலிருந்து செருப்பு கழன்று போவதுகூட அவருக்குத் தெரிவதில்லை என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை திரும்பப் படித்தது அந்த வரியைத்தான்.

பாசி எடுத்ததால் வந்த வலி படுத்தால் தணியும். படுத்தால் கூடுகிற வலி, இருமினாலும் முக்கினாலும் சுண்டி இழுக்கிற வலி, பட்டை கட்டியதுபோல் முதுகிலிருந்து விலாவைச் சுற்றி வருகிற வலி ஆகியவை ஒரு காலத்தில் புற்றுநோய் இருந்தவருக்கு வந்தால், முதுகெலும்பை உடனே படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. அதோடு காலில் உணர்ச்சி மங்குவதும், கால் தடுமாறுவதும், சிறுநீர் கழிக்கச் சிரமப்படுவதும் சேர்ந்துகொண்டால், எலும்புக்குள் ஓடும் தண்டுவடம் நசுங்கத் தொடங்கியிருக்கலாம் என்றே கருதி நடக்க வேண்டும். அப்போது நம்மிடம் இருப்பது நாள்கணக்கல்ல, மணிக்கணக்கு. நடந்து வருகிற நோயாளிக்கு உரிய ஊசிமருந்தும் கதிர்வீச்சும், தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சையும் கொடுத்தால் பெரும்பாலும் நடையைக் காப்பாற்றிவிடலாம். கால் முழுவதும் விழுந்த பிறகு வருகிறவருக்கு அந்த நடையைத் திருப்பித் தருவது மிகவும் கடினம். சில ஆண்டுகளுக்கு முன், இதே கடற்கரையிலிருந்து ஓர் அம்மாவைக் கருவாடு காயப்போடும் தார்ப்பாயில் வைத்து நான்கு பேர் என்னிடம் தூக்கி வந்தார்கள். முந்தின வாரம் வரை அவர் தம் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர். முதுகுவலிக்கு இரண்டு மாதம் மாத்திரை விழுங்கியிருந்தார். அவர் மறுபடி எழுந்து நடக்கவில்லை. உங்கள் தாயார் அந்த நிலைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இது புற்றுநோய் பரவியதால்தான் வந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. லெட்ரோசோல் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் குறைப்பதால் எலும்பு மெலிகிறது; மெலிந்த முதுகெலும்பு தானே நொறுங்கினாலும் கடுமையாக வலிக்கும். இரண்டில் எது என்பதைத் தைலமும் தொட்டுப் பார்ப்பதும் சொல்லாது, எம்.ஆர்.ஐ. சொல்லும்.

இனி அந்த ஜீன். வளைகுடாவில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி இணையத்தில் படித்து அனுப்பியதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் உங்களை இப்படி ஆட்டி வைத்திருக்கிறது. எஸ்100ஏ4 என்பது முதலாம் குரோமோசோமில், தன்னைப் போன்ற பல ஜீன்களுக்கு நடுவே இருக்கிற, எல்லா மனிதருக்கும் பிறவியிலேயே உள்ள ஜீன். அது செய்யும் புரதம் 101 அமினோ அமிலங்களே கொண்ட மிகச் சிறியது. செல்லுக்குள் கால்சியம் வந்து பற்றும்போது அதன் வடிவம் மாறி, செல்லின் உள்கட்டுமானத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் மயோசின் இழைகளைத் தளர்த்துகிறது. நங்கூரக் கயிறு அவிழ்ந்த வள்ளம்போல அந்தச் செல் இடம்பெயர எளிதாகிறது. புண் ஆறும்போது தோலுக்கும், கிருமியைத் துரத்தும்போது வெள்ளணுவுக்கும் இந்த நகர்ச்சி தேவை. புற்றணு இதே வசதியைத் தவறாகப் பயன்படுத்திக்கொள்கிறது. மார்பகக் கட்டிகளில் இந்தப் புரதம் மிகுதியாக இருந்தால் நோய் பரவும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இந்த ஜீனைக் கூடுதலாகப் புகுத்திய எலிகளுக்கு, அதனால் மட்டும் கட்டி வரவில்லை. கட்டி வரக்கூடிய எலிகளோடு இனம் சேர்த்தபோதுதான் அவற்றின் குட்டிகளில் நுரையீரல் பரவல் கூடியது. இது நோயை உண்டாக்கும் ஜீன் அல்ல, வந்த நோய்க்குக் கால் கொடுக்கும் ஜீன்.

நீங்கள் பயப்படுவது இதையெல்லாம் பற்றி அல்ல, அந்தப் புரதத்தைத் தூண்டும் கால்சியம் உணவிலிருந்து போயிருக்குமோ என்றுதான் என எனக்குத் தெரியும். "கேழ்வரகுக் கூழும் நெத்திலியும் பாலும் கொடுத்து நானே அம்மாவின் நோயை வளர்த்துவிட்டேனா" என்று ஒரே ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, சகோதரி. ஒரு துளியும் இல்லை. நாம் எவ்வளவு கால்சியம் சாப்பிட்டாலும், சாப்பிடாவிட்டாலும், இரத்தத்தில் அதன் அளவைப் பாராதைராய்டு சுரப்பிகள் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் பிடித்து வைத்திருக்கின்றன. செல்லுக்குள் தனித்து இருப்பதோ வெளியே உள்ளதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான், அதையும் செல்லே கணத்துக்குக் கணம் கட்டுப்படுத்துகிறது. தட்டில் இருக்கும் நெத்திலிக்கு அங்கே வேலையே இல்லை. மாறாக, ஒரு மாதமாகப் பாலையும் மீனையும் நிறுத்தினீர்களே, அப்போது குறைந்த கால்சியத்தை உடல் எங்கிருந்து எடுக்கும்? ஏற்கெனவே மெலிந்திருக்கும் எலும்பிலிருந்துதான். உணவை இன்றே பழையபடி கொடுங்கள்.

நீங்கள் நிறுத்திவிட்ட கால்சியம் மாத்திரையை மட்டும், இரத்தத்தில் கால்சியம் பார்த்த பிறகு மருத்துவர் சொன்னால் தொடருங்கள். எலும்பில் நோய் இருந்தால் எலும்பு கரைந்து இரத்தக் கால்சியம் ஏறக்கூடும். அடங்காத தாகம், மலச்சிக்கல், பேச்சில் குழப்பம், காரணமில்லாத தூக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். லெட்ரோசோலை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

தம்பி சொன்னார் என்று மெடிக்கலில் வாங்கிக் கொடுத்த புழு மாத்திரையை நிறுத்துங்கள். நிக்ளோசமைடு என்ற அந்தத் தட்டைப்புழு மருந்து பெருங்குடல் புற்றணுக்களில் இந்த ஜீனின் செயலைக் குறைப்பதாக ஆய்வுக்கூடத்தில் கண்டது உண்மைதான். அந்த மருந்து குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே ஏறும், மார்பகப் புற்றுநோய்க்கு அது சிகிச்சையும் அல்ல. கண்ணாடித் தட்டில் ஒரு செல்லுக்கு நடந்ததைப் படித்துவிட்டு ஒரு தாயின் வயிற்றில் மாத்திரையைப் போடுவதை நான் மன்னிக்க மாட்டேன். அதோடு சேர்த்துக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதோடு, நாம் கவனிக்க வேண்டிய வலியையும் மறைத்துவிடும்.

உங்களுக்கு இந்த ஜீன் பரிசோதனை தேவையில்லை. மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கப்படுவது பி.ஆர்.சி.ஏ. போன்ற வேறு ஜீன்கள். அது வேண்டுமா என்பதைத் தாயாருக்கு நோய் வந்த வயதையும் குடும்பத்தில் வேறு யாருக்கு வந்தது என்பதையும் வைத்துப் புற்றுநோய் மருத்துவர் சொல்வார். அதற்கு அவசரமில்லை.

அவசரம் இன்றைய பயணத்துக்குத்தான். பேருந்தில் உட்கார வைத்துக் குலுக்கிக்கொண்டு போகாமல், 108 ஆம்புலன்சை அழைத்து, பலகை போன்ற சமதளத்தில் படுக்க வைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். அறுவைச் சிகிச்சை செய்த காலத்துத் திசு அறிக்கை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, இந்த மாதம் விழுங்கிய எல்லா மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக, "அம்மாவுக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்தது, இப்போது செருப்பு கழல்வது தெரியவில்லை" என்று சொல்லுங்கள்.