நிவாரணக் காசோலையை வங்கி வாங்க மறுத்தால்...

கேள்வி: அப்பா கட்டட வேலை பார்த்தவர். போன வருடம் தவறிவிட்டார். அரசு நிவாரணமாக அம்மா பெயருக்கு 3 லட்சம் ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார்கள். வங்கிக்குக் கொண்டுபோனால், “இது ஜன் தன் கணக்கு, இவ்வளவு பெரிய தொகை போட முடியாது” என்றார்கள். இன்னொரு நாள் போனபோது வேறொருவர், “பெயர் ஒத்துவரவில்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைரேகைதான். கடைத்தெருவில் ஒரு ஃபைனான்ஸ்காரர், “செக் பின்னால் ரேகை வைத்துக் கொடுங்கள், 40 ஆயிரம் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் தருகிறேன்” என்கிறார். காசோலை வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஃபைனான்ஸ்காரரை விட்டு விலகுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காசோலையின் இடது மேல் மூலையைப் பாருங்கள். இரண்டு சாய்கோடு, நடுவில் ‘ஏ/சி பேயி’ என்று இருக்கும். அரசு நிவாரணக் காசோலைகள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். யார் பெயருக்கு எழுதியிருக்கிறதோ அவர் கணக்கில் மட்டுமே அதைப் போடலாம். பின்னால் ரேகை வைத்தாலும் கையெழுத்துப் போட்டாலும் அது இன்னொருவர் கணக்குக்குப் போகாது. அப்படி வசூலித்துக் கொடுக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டிருக்கிறது. கூட்டுறவுக் கடன் சங்க உறுப்பினர்களுக்கு 50 ஆயிரம் ரூபாய் வரை ஒரு சலுகை உண்டு. உங்கள் தொகை அதைத் தாண்டிவிட்டது.

அப்படியானால் அவர் எப்படிப் பணமாக்குவார்? அம்மாவின் ஆதாரை வாங்கி, அம்மா பெயரிலேயே எங்காவது ஒரு கணக்கு தொடங்குவார். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, கணக்கோடு இணைத்த சிம் மூன்றும் அவரிடம் இருக்கும். 40 ஆயிரம் போவது ஒரு பக்கம். அந்தக் கணக்கு அவர் கையிலேயே தங்கிவிடுவதுதான் எனக்குப் பெரிய பயம். ஆன்லைன் மோசடிப் பணத்தை மாற்றிவிட இப்படிப்பட்ட கணக்குகளைத்தான் தேடுகிறார்கள். பிறகு விசாரணை வந்தால் உங்கள் அம்மா வீட்டு வாசலுக்குத்தான் வரும். ஆதார் நகல் ஏற்கெனவே அவரிடம் போயிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

சரி, இப்போது காசோலையில் இருக்கும் தேதி. 2012 ஏப்ரல் 1-க்குப் பிறகு காசோலைகளுக்கு ஆயுள் மூன்று மாதம். அதுவும் உங்கள் கையில் கொடுத்த நாளிலிருந்து கணக்கில்லை, அதில் எழுதியிருக்கும் தேதியிலிருந்து. விழாவில் கொடுப்பதற்காக முன்னாடியே எழுதி வைத்திருந்தால், நீங்கள் ‘ஐந்து வாரம்’ என்று நினைப்பது உண்மையில் ஏழு வாரமாக இருக்கலாம். இன்றே எடுத்துப் பார்த்து, கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். (மேடையில் போட்டோவுக்காகத் தரும் கதவு அகல அட்டை வேறு, காசோலை வேறு. அந்த அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தவரையே நான் பார்த்திருக்கிறேன். சிரிக்கத் தோன்றவில்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை.)

அடுத்தது ‘ஜன் தன் கணக்கில் போட முடியாது’ என்ற பேச்சு. இது பாதி உண்மை. இந்தப் பாதி உண்மையால்தான் நிறைய பேர் அலைகிறார்கள். ஜன் தன் என்பது பூஜ்ய இருப்புள்ள அடிப்படை சேமிப்புக் கணக்கு. கே.ஒய்.சி. ஆவணங்கள், அதாவது ஆள் யார், முகவரி எது என்று காட்டும் சான்றுகள், முழுதாகக் கொடுத்துத் தொடங்கியிருந்தால் அதில் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்ற உச்சவரம்பு ரிசர்வ் வங்கி விதியில் கிடையாது. 3 லட்சமும் போடலாம், 10 லட்சமும் போடலாம்.

வரம்பு இருப்பது ‘சிறு கணக்கு’ என்ற இன்னொரு வகைக்கு. சரியான ஆவணம் இல்லாதவர்களுக்கு போட்டோவும் கைரேகையும் வாங்கிக்கொண்டு திறந்து தரும் கணக்கு அது. முகாம்களில் திறந்த ஜன் தன் கணக்குகளில் இந்த வகையும் உண்டு. அதில் ஒரு நிதியாண்டில் வரவு மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. எந்த நேரத்திலும் இருப்பு 50 ஆயிரத்துக்கு மேல் போகக் கூடாது. மாதத்துக்கு 10 ஆயிரத்துக்கு மேல் எடுக்கவும் முடியாது. இதில் ஒரு விலக்கு இருக்கிறது, கவுன்ட்டரில் இருப்பவர்களுக்கே பல நேரம் ஞாபகம் வராது: அரசு மானியம், நலத்திட்ட உதவி, கொள்முதல் பணம் ஆகியவை வரும்போது அந்த 50 ஆயிரம் இருப்பு வரம்பைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இந்த விலக்கைக் காட்டிச் சண்டை போடச் சொல்லமாட்டேன். அது இருப்பு வரம்புக்கு மட்டும்தான். ஆண்டு வரவு வரம்பு அப்படியே நிற்கும், மாதம் 10 ஆயிரம் என்ற கட்டும் அப்படியே நிற்கும். 3 லட்சம் உள்ளே போய்விட்டாலும் அதை வெளியே எடுக்க 30 மாதம் ஆகும். ஆவணம் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிக்கொள்வதுதான் வழி.

வேறு இரண்டு வகைக் கணக்குகளும் இதே தலைவலியைத் தரும். போனில் ஓ.டி.பி. மட்டும் கொடுத்து, நேரில் போகாமல் தொடங்கிய ஆதார் கணக்கு என்றால், எல்லா வைப்புகளும் சேர்த்து 1 லட்சம்தான் இருக்கலாம், ஆண்டு வரவு 2 லட்சம்தான். தபால்காரர் வீட்டுக்கே வந்து தொடங்கிக் கொடுத்த இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு என்றால், நாள் முடிவில் இருப்பு 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது; எல்லா பேமென்ட்ஸ் வங்கிக்கும் அதே வரம்புதான்.

ஆகவே நாளை கிளைக்குப் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: “அம்மா கணக்கு சிறு கணக்கா, முழு கே.ஒய்.சி. கணக்கா?” கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சிறு கணக்கு என்றால் மாற்றுவதற்கு ஆதார் அல்லது வாக்காளர் அட்டை, புதிய போட்டோ, பான் அட்டை வேண்டும். பான் இல்லை என்றால் அதற்குப் பதிலாகத் தரும் உறுதிமொழிப் படிவம் வங்கியிலேயே கிடைக்கும். நூறு நாள் வேலை அட்டையில் அதிகாரி கையெழுத்து இருந்தால் அதையும் ஏற்பார்கள். ரேஷன் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் கூலியை இழக்காதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு மேல் அம்மா அந்தக் கணக்கில் போடவும் எடுக்கவும் இல்லை என்றால் அது செயல்படாத கணக்காக மாறியிருக்கலாம். அதை உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது.

இனி பெயர். நம் ஊரில் இது பெரிய கூத்து. உதாரணத்துக்கு, காசோலையில் ‘எம். செல்வி’ என்று இருக்கும். பாஸ்புக்கில் ‘செல்வி முருகன்’. ஆதாரில் வெறும் ‘செல்வி’. மூன்றும் ஒரே ஆள்தான், தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கவுன்ட்டரில் இருப்பவர் வேறொரு செல்வியின் பணத்தைத் தவறாக வரவு வைத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. திருப்பி அனுப்பியதில்தான் நியாயம் இல்லை. என்ன கொண்டுவந்தால் வாங்குவார் என்று சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் வழக்கில் வித்தியாசம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. இனிஷியல் முன்னால் பின்னால் மாறியிருப்பது, கணவர் பெயர் விரித்து எழுதியிருப்பது, ஓர் எழுத்துப் பிழை என்றால் மேலாளர் முடிவெடுக்கலாம். நிவாரண உத்தரவின் நகலைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். அதில் அப்பா பெயர், அம்மா பெயர், உறவு, முகவரி எல்லாம் இருக்கும். அதோடு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார். இதைக் காட்டியும் திருப்தி இல்லை என்றால், இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதுமா என்று மேலாளரிடமே கேளுங்கள். கேட்காமல் நீங்களாகப் போய் எழுதாதீர்கள். அவர் வேறு வாசகம் கேட்டால் இன்னொரு முத்திரைத்தாள் செலவு.

பெயரே வேறாக இருந்தால், அதாவது செல்விக்குப் பதில் செல்லம்மாள் என்று இருந்தால், கொடுத்த அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்ப் புதுக் காசோலைதான் வாங்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அங்குள்ள எழுத்தர் நல்ல மனசோடு, “இதற்கு எதற்குப் புது செக், அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்” என்பார். வாங்காதீர்கள். 2010 டிசம்பரிலிருந்து, காசோலையின் படத்தை மற்ற வங்கிக்கு அனுப்பித் தீர்வு (கிளியரிங்) செய்யும் முறையில், பெயரையோ தொகையையோ திருத்திய காசோலை செல்லாது. கையெழுத்து எத்தனை போட்டிருந்தாலும் திரும்பிவிடும். தேதியைப் புதுப்பிப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. காலாவதியான காசோலையில் தேதி மாற்றித் தரலாம், பெயர் மாற்றித் தரக் கூடாது.

கணக்கும் பெயரும் சரியான பிறகு காசோலையைப் போடும் முறை. முன்னும் பின்னும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மடிக்காதீர்கள், பின் குத்தாதீர்கள், கீழே எண்கள் அச்சான வெள்ளைப் பட்டையில் எதுவும் எழுதாதீர்கள். பின்பக்கம் கணக்கு எண்ணும் செல்போன் எண்ணும் மட்டும் போதும். பெட்டியில் போடச் சொன்னால், “கவுன்ட்டரில் கொடுக்கிறேன், சலானில் சீல் வைத்துக் கொடுங்கள்” என்று கேளுங்கள். கவுன்ட்டரில் கொடுக்கும் காசோலைக்கு ஒப்புகை தர எந்தக் கிளையும் மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். 3 லட்சம் ரூபாய்க் காகிதத்தைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு வெறும் கையோடு வராதீர்கள்.

2025 அக்டோபர் 4 முதல் காசோலைத் தீர்வு நாள் முழுக்கத் தொடர்ந்து நடக்கிறது. காலையில் கொடுத்து அன்றே வங்கி ஏற்றிவிட்டால், பணம் எடுக்கப்படும் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். அதனால் ‘பதினைந்து நாள் ஆகும்’ என்ற பழைய பதிலை நம்ப வேண்டாம். திரும்பி வந்தால் காரணம் எழுதிய ரிட்டர்ன் மெமோ தருவார்கள். அதை வாங்கி வையுங்கள், காசோலை கொடுத்த அலுவலகத்தில் அந்தக் காகிதம்தான் பேசும்.

கேட்க மறந்த ஒன்று: அம்மா பெயரில் அதே வங்கியில் நகைக்கடனோ குழுக்கடனோ தவணை தவறி நிற்கிறதா? வரும் பணத்திலிருந்து வங்கி அதைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. காசோலை போடுவதற்கு முன்பே இதை மேலாளரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். சரிப்படவில்லை என்றால் வேறு வங்கியில் முழு ஆவணங்களோடு ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி அங்கே போடலாம். ‘இந்தக் கிளையில்தான் போட வேண்டும்’ என்று காசோலை எதையும் கட்டிப்போடவில்லை. தபால் அலுவலக சேமிப்புக் கணக்கிலும் போடலாம்.

இத்தனையும் கொண்டுபோய்க் காட்டியும் மறுத்தால், காரணத்தை எழுதிக் கேட்டு மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். எழுதிக் கேட்ட மறுநிமிடமே வேலை நடந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448-ஐ அழைக்கலாம். ஆனால் உங்களிடம் 30 நாளைச் சும்மா கழிக்க நேரம் இல்லை. அந்த வாரமே மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள்; மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைப்பவர் அவர். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால், அங்கிருந்தே அவரிடம் அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாகப் பணம் எடுப்பது. கைரேகைக் கணக்கு என்பதால் அம்மா நேரில் போக வேண்டும், போட்டோ ஒட்டிய பாஸ்புக்கோடு. அம்மா நடக்க முடியாமல் படுத்திருந்தால் வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன் ரேகை வாங்கிக் கொடுக்க வழி இருக்கிறது, கிளையில் கேளுங்கள். ஊரில் ரேகை வைத்துப் பணம் தரும் முகவரிடம் ஒரு தடவைக்கு 10 ஆயிரம்தான் வரும், பெரிய தொகைக்கு அது ஒத்துவராது. 50 ஆயிரம், 1 லட்சம் என்று எடுப்பதாக இருந்தால் முந்தின நாளே கிளையில் சொல்லிவையுங்கள். பணத்தை வாங்கியதும் வாசலுக்கு வராமல் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எண்ணுங்கள். பாஸ்புக்கில் பதிவு போட்டு, மீதி எவ்வளவு என்று அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.