பிரெஞ்சு ஓவியர் மோனேயின் 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' ஓவியத்தில் அப்படி என்ன இருக்கிறது? என் பையனே வரைவான் போலிருக்கிறதே?

பையன் தாராளமாக வரையட்டும். நான் வரைந்து தோற்றவன், அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. 1874இல் லூயி லெரோய் என்ற விமர்சகரும் உங்களைப் போலத்தான் கிண்டலடித்தார். இம்ப்ரெஷனிசம் என்ற ஓவியப் பாணியின் பெயர் பிரபலமானதே அந்தக் கிண்டலால்தான்.

நீங்கள் போனில்தான் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். பாரீஸ் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் அசலைப் பார்த்துவிட்டுப் பேசு என்பவர்கள் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், போகிறேன்.

அக்கா வீட்டு கிரகப்பிரவேசத்துக்காக அதைப் பார்த்து அக்ரிலிக்கில் வரைந்தேன். லு ஹாவ்ர் துறைமுகம், விடிகாலைப் பனிமூட்டம், படகுகள், பின்னால் கப்பல்களின் பாய்மரங்கள் எல்லாம் சுமாராக வந்தன. சூரியன்தான் வரவில்லை. வெளிச்சம் பத்தவில்லை என்று மஞ்சள் சேர்த்தேன், அப்புறம் வெள்ளை. கடைசியில் பாத்ரூம் கண்ணாடியில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஆகிவிட்டது.

ஹார்வர்டு நரம்பியல் பேராசிரியர் மார்கரெட் லிவிங்ஸ்டன் எழுதியதைப் படித்த பிறகுதான் தப்பு எங்கே என்று புரிந்தது. அசல் ஓவியத்தின் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சூரியன் கிட்டத்தட்ட காணாமல் போகும்! சுற்றியுள்ள மேகத்துக்கு என்ன பிரகாசமோ அதே பிரகாசம்தான் அதற்கும். நிறம் மட்டும் வேறு. மூளையில் நிறத்தைப் பார்க்கும் பகுதிக்குச் சூரியன் பளிச்சென்று தெரிகிறது. இடத்தையும் அசைவையும் கணிக்கும் பகுதிக்கு நிறம் தெரியாது, அதற்கு அங்கே சூரியனே இல்லை. இந்த இழுபறியில்தான் அது துடிக்கிறது. (1872இல் மோனேவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று சண்டைக்கு வராதீர்கள். அவருக்குக் கண் இருந்தது.)

மறுபடி உட்கார்ந்தேன். ஆரஞ்சில் துளித்துளியாக நீலம் கலந்து, வானத்தின் ஓரத்தில் ஒரு கீற்று பூசி, காயவிட்டு (அக்ரிலிக் காய்ந்தால் ஒரு சாயல் கருக்கும்), கருப்பு வெள்ளையில் போட்டோ. பதினோராவது கீற்று போட்டோவில் மறைந்தது. அதையே சூரியனாக வைத்தேன்.

பிரேம் கடைக்காரர் கேட்காமலே கண்ணாடி போட்டுவிட்டார். கேன்வாசுக்கு எதற்குக் கண்ணாடி? "தூசி படியாது சார்" என்று அதற்கும் காசு வாங்கிக்கொண்டார். இப்போது அக்கா வீட்டு ஹாலில் என் சூரியனுக்கு மேல் டியூப்லைட்தான் தெரிகிறது. மாமா வருகிறவர்களிடமெல்லாம் "மச்சான் வரைஞ்ச சூரிய அஸ்தமனம்" என்று காட்டிக்கொண்டிருக்கிறார்.