கல்யாணம் யார் வகுத்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஐயரும் அக்னியும் வேண்டாம், மாலை மாற்றித் தாலி கட்டினால் போதும் என்கிறார்கள் பிள்ளைகள் இருவரும். என் அண்ணாச்சிக்கு மனசு ஆறவில்லை. “கல்யாணம் தெய்வம் வகுத்தது. ஐப்பசியில் காந்திமதியம்மைக்கே முறைப்படிதானே நடக்கு? மனுசன் மாத்தினா செல்லுமா?” என்கிறார். என்ன சொல்ல?

ஒரு தகப்பன், அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

சடங்கை வகுத்தவர்கள் மனிதர்கள். தொல்காப்பியமே அப்படித்தான் சொல்கிறது: ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப’. ஐயர் என்றால் இங்கே பெரியோர்; கரணம், சடங்கு. களவில், அதாவது ஊரறியாக் காதலில், கூடியவன் பிறகு ‘இவளை அறியேன்’ என்றான். ஏற்றுக்கொண்டவனும் பாதியில் கைவிட்டான். அதைத் தடுக்கத்தான் ஊரறியச் சடங்கு.

அந்தச் சடங்கு எப்படி இருந்தது என்று அகநானூறு 86-ஆம் பாட்டில் பார்க்கலாம். பந்தலில் மணல் பரப்பி, விளக்கேற்றி, உளுந்து சேர்த்துக் குழையப் பொங்கிய சோறு போடுகிறார்கள். (நம் உளுந்தஞ்சோறு நினைவுக்கு வரும்.) நல்ல நாளின் விடியலில், பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் நீரும் பூவும் நெல்லும் சொரிந்து மணப்பெண்ணை வாழ்த்துகிறார்கள். தீ வலம் இல்லை, தாலியும் பேசப்படவில்லை. 136-ஆம் பாட்டில் கடவுளை வழிபட்டே மணம் நடக்கிறது. அங்கும் முறையை நடத்துவது சுற்றத்தார்தான்.

அண்ணாச்சி சொல்லும் நெல்லையப்பர் கோயில் காந்திமதியம்மையின் திருக்கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மையைத் தாரை வார்த்துக் கொடுக்க அண்ணனான திருமால், நெல்லை கோவிந்தர், வருகிறார். நம் வீட்டு முறையைத்தான் பக்தியோடு சாமிக்கும் செய்கிறோம். பாளையங்கோட்டைத் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு மண அறிவிப்பு ஓலை வாசித்துத் தடை உண்டா என்று கேட்பதும், மேலப்பாளையத்தில் இரு சாட்சிகள் முன் மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மணக்கொடை) பேசி நிக்காஹ் நடத்துவதும் அதே பொய்க்கும் வழுவுக்கும் போட்ட வேலிதான். நம்புகிறவர்களுக்கு இவற்றில் தெய்வம் நிச்சயம் உண்டு, சாட்சியாக.

இனி, செல்லுமா என்ற கேள்வி. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் சேர்த்த 7ஏ பிரிவு போதும். உறவினர், நண்பர், வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவன், மனைவியாக ஏற்பதாகச் சொல்லலாம், மாலை அல்லது மோதிரம் மாற்றலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று நடந்தாலே திருமணம் முழுமை. புரோகிதர் தேவையில்லை. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

பலர் தவறுவது வேறு இடங்களில். மாப்பிள்ளை வேறு மதத்தவர் என்றால் இந்தப் பிரிவு உதவாது. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் அறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும். கடைசி நேரத்தில் இதைத் தெரிந்துகொண்டு முகூர்த்தத்தைத் தள்ளுகிறார்கள். இன்னும் சிலர் சடங்கே நடத்தாமல் சான்றிதழ் மட்டும் வாங்கிவிடுகிறார்கள். அது மட்டும் இந்துத் திருமணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லிவிட்டது. சடங்கு நடந்தபின் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அழைப்பிதழ், வயதுச் சான்று, முகவரிச் சான்று, மாலை மாற்றும் படம் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும்.

அண்ணாச்சியையே குத்துவிளக்கு ஏற்றச் சொல்லுங்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை. பிள்ளைகள் உறுதிமொழியைச் சபைக்குக் கேட்கும்படி சொல்லி முடிக்கட்டும். கெட்டிமேளம் அதற்குப் பிறகு கொட்டட்டும், முன்னே கொட்டினால் அந்தச் சொல் யார் காதிலும் விழாது.