மூன்று தலைமுறைக் குடும்பம் புதிய சொகுசுக் கப்பலில் எதைத் தேடுகிறது?

புதிதாகக் கட்டப்படும் சொகுசுக் கப்பல்களிடம், கைக்குழந்தை முதல் தாத்தா பாட்டி வரை எல்லா வயதினரும் உள்ள குடும்பங்கள் எதை எதிர்பார்க்கின்றன என்பது கேள்வி. என் பெற்றோர், தம்பியின் குடும்பம், என் பிள்ளைகள் என எல்லாரும் சேர்ந்து இத்தகைய கப்பல்களில் பயணம் செய்திருக்கிறோம். விளம்பரங்களில் முன்னிறுத்தப்படும் வசதிகளுக்கும், குடும்பத்துக்கு உண்மையில் கைகொடுக்கும் வசதிகளுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை அந்தப் பயணங்களில் கவனித்திருக்கிறேன். ஒவ்வொரு வயதினரும் தத்தம் விருப்பப்படி பிரிந்து செல்ல வேண்டும். பிறகு அலைச்சலில்லாமல் ஓரிடத்தில் கூடவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் இடம் தரும் கப்பலே குடும்பங்களுக்கு ஏற்ற கப்பல் என்பது என் கருத்து. பிரிந்து செல்லும் வசதியைப் புதிய கப்பல்கள் தாராளமாகவே தந்துவிட்டன. கூடும் வசதியில்தான் இன்னும் குறை இருக்கிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். 2024 ஜனவரியில் பயணிகளை ஏற்றத் தொடங்கிய ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பல் சுமார் 365 மீட்டர் நீளமும் இருபது தளங்களும் கொண்டது. அறைக்கு இருவர் என்ற கணக்கில் அதில் 5,610 பேர் தங்கலாம். எல்லாப் படுக்கைகளும் நிரம்பினால் சுமார் 7,600 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் குடும்பங்களுக்கு முக்கியமானது. அது சோபாவை விரித்தும் கூரையிலிருந்து இறக்கியும் போடப்படும் மூன்றாவது, நான்காவது படுக்கைகளின் எண்ணிக்கை. பள்ளி விடுமுறைக் காலத்தில் அவற்றை நிரப்புவோர் பெரும்பாலும் பிள்ளைகளே. ஆகவே ஒரே கப்பல் பள்ளி நாட்களில் ஒரு விதமாகவும் விடுமுறை நாட்களில் வேறு விதமாகவும் இருக்கும். லிஃப்டுக்காகக் காத்திருக்கும் நேரம், காலை உணவுக் கூடத்தில் மேசை கிடைப்பது, நீச்சல் குளத்தில் கால் வைக்க இடம் கிடைப்பது எல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

இவ்வளவு பெரிய கப்பலில் வசதிகளை எங்கெங்கே வைக்கிறார்கள் என்பது, எத்தனை வசதிகள் இருக்கின்றன என்பதைவிடப் பெரிய கேள்வி. பழைய அமைப்பில் குழந்தைகளுக்கான நீர் விளையாட்டு மேல்தளத்தில் இருக்கும், மழலையர் காப்பகம் வேறொரு தளத்தில் இருக்கும், குழந்தை மறுக்காமல் சாப்பிடும் உணவு கப்பலின் மறுகோடியில் இருக்கும். ஈரத் துணியுடன் அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தள்ளுவண்டியையும் இழுத்துக்கொண்டு, நிரம்பி வழியும் லிஃப்டுகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு நின்ற தாய்மார்களைப் பார்த்தவர்களுக்கு, வசதிகள் அருகருகே இருப்பதன் அருமை புரியும். 2009-ல் வந்த 'ஓயாசிஸ் ஆஃப் த சீஸ்' கப்பலைத் தனித்தனிப் பேட்டைகளாகப் பிரித்து வடிவமைத்தார்கள். அதே எண்ணம் ஐகானில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கென்றே 'சர்ஃப்சைட்' என்ற பகுதியாக வளர்ந்திருக்கிறது. குழந்தைகளுக்கான நீர் விளையாட்டு, குடை ராட்டினம், பெற்றோருக்கான குளம், உணவகம் எல்லாம் அங்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. உயரமான நீர்ச்சறுக்குகளை விட இந்த அமைப்பையே அக்கப்பலின் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன். பேரன் தண்ணீரில் ஆட, தாத்தா நிழலில் அமர்ந்து பார்க்க, பெற்றோர் நாலடி தள்ளிக் குளத்தில் இருக்க முடிகிறது. யாரும் யாருக்காகவும் தியாகம் செய்ய வேண்டியதில்லை.

கைக்குழந்தை உள்ளவர்கள் முன்கூட்டியே அறிய வேண்டிய ஒரு விதி உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களுக்கு அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் சுகாதாரத் திட்டம் பொருந்தும். அதன்படி டயப்பர் அணிந்த குழந்தைகளைப் பொது நீச்சல் குளத்தில் இறக்கக் கூடாது, நீச்சலுக்கென்று விற்கப்படும் டயப்பராக இருந்தாலும் அனுமதி கிடையாது. ஆசையாக நீச்சலுடை போட்டுக் கூட்டிவந்த குழந்தையைக் குளத்தின் விளிம்பில் வைத்துக்கொண்டு, ஊழியர் சொல்வதைக் கேட்டுத் திகைத்து நிற்கும் பெற்றோர் பலர். தனி வடிகட்டும் அமைப்புடன் அமைக்கப்பட்ட மழலையர் நீர்ப்பகுதி இருந்தால் மட்டுமே இதற்குத் தீர்வு. ஆகவே அது இருக்கிறதா என்பதைத்தான் அவர்கள் முதலில் விசாரிக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளையே ஏற்றிக்கொள்கின்றன. பெருங்கடலைக் கடக்கும் பயணம் என்றால் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளைகளை ஊழியர்கள் பார்த்துக்கொண்டு விளையாட வைக்கும் சிறுவர் மன்றங்கள் மூன்று வயதில் தொடங்குகின்றன; அவற்றில் சேர, குழந்தை தானாகக் கழிப்பறைக்குச் செல்லப் பழகியிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. மூன்று வயது ஆகியும் அந்தப் பழக்கம் வராத குழந்தைக்குப் பல கப்பல்களில் காப்பகத்திலும் இடமில்லை, மன்றத்திலும் இடமில்லை. அந்த இடைவெளியை எந்த நிறுவனம் நிரப்பினாலும் இளம் பெற்றோர் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அடுத்தது அறை. குடும்பப் பயணத்தின் நிம்மதி பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். டிஸ்னி நிறுவனம் 1998-ல் தன் முதல் கப்பலான 'டிஸ்னி மேஜிக்'கைக் கொண்டுவந்தபோது, அதன் பெரும்பாலான அறைகளில் குளியலறையை இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு கதவுக்குப் பின்னால் கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும், இன்னொரு கதவுக்குப் பின்னால் குளிக்கும் இடமும் மற்றொரு தொட்டியும் இருந்தன. துறைமுகத்தில் இறங்க வேண்டிய காலை நேரத்தில் நால்வர் ஒரே அறையில் தயாராக வேண்டும் என்னும்போது, இந்த ஒரு தடுப்புச் சுவர் எத்தனை சண்டைகளைத் தவிர்க்கிறது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். இவ்வளவு எளிய, பயனுள்ள அமைப்பு இத்தனை ஆண்டுகள் கழித்தும் எல்லாப் புதிய கப்பல்களின் குடும்ப அறைகளுக்கும் வந்துவிடவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

முதியவர்களுக்கு அதே குளியலறை வேறு விதமாகச் சோதனையாகிறது. கப்பல்களின் சாதாரண அறைகளில் குளியலறை வாசற்படி தரைமட்டத்திலிருந்து உயர்ந்திருக்கும். தண்ணீர் அறைக்குள் வராமல் இருப்பதற்காக வைக்கப்பட்ட தடுப்பு அது. ஒரு பயணத்தில் என் அம்மா பேரனுடன் ஒரே அறையில் தங்க ஆசைப்பட்டார். இரவானதும் அறை ஊழியர் கூரையிலிருந்து மேல்படுக்கையை இறக்கி, அதற்கான ஏணியைக் கட்டிலின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போவார். நள்ளிரவில் விளக்கைப் போட்டால் பேரன் விழித்துக்கொள்வான் என்று, அம்மா இருட்டிலேயே ஒரு கையால் ஏணியையும் மறு கையால் சுவரையும் பிடித்தபடி, காலால் அந்தப் படியைத் துழாவித் துழாவிக் கடந்தார். படி இல்லாத குளியலறையும், அகலமான கதவும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகளும் உள்ள அறைகள் கப்பல்களில் உண்டு. ஆனால் அவை சொற்பமே, சக்கர நாற்காலி தேவைப்படுவோருக்காக ஒதுக்கப்பட்டவை. சக்கர நாற்காலி தேவையில்லை, ஆனால் முழங்காலை மடக்க முடியவில்லை என்ற நிலையில் இருக்கும் பெரும்பாலான முதியவர்களுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அறை வேண்டும். தரைமட்டக் குளியலறை, ஒரு கைப்பிடி, இரவில் தானாக எரியும் சிறு விளக்கு, பிள்ளைகளின் அறைக்கு உள்ளேயே ஒரு கதவு, இவ்வளவுதான்.

வளரிளம் பருவத்தினருக்காக நிறுவனங்கள் நிறையச் செலவழிக்கின்றன. ஆனால் கவனம் போக வேண்டிய திசையில் போகவில்லை என்று நினைக்கிறேன். 2021-ல் பயணத்தைத் தொடங்கிய கார்னிவல் நிறுவனத்தின் 'மார்டி கிரா'தான் ரோலர் கோஸ்டர் அமைத்த முதல் கப்பல். அத்தகையவை பிள்ளைகளைப் பயணத்துக்குச் சம்மதிக்க வைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கப்பலில் ஏறிய பிறகு பதினைந்து வயதுப் பிள்ளை தேடுவது தன் வயதையொத்த நண்பர்களைத்தான். அந்த நட்பு வட்டங்கள் முதல் நாள் மாலையிலேயே உருவாகிவிடுகின்றன. அன்று கூச்சப்பட்டு அறையிலேயே இருந்துவிட்ட பிள்ளை, மறுநாள் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கூட்டத்துக்குள் நுழையத் தயங்கி, பயணம் முழுவதும் பெற்றோரின் பின்னாலேயே சுற்றுகிறது. ஆகவே முதல் மாலை நிகழ்ச்சியைப் பொறுப்புள்ள, பிள்ளைகளோடு பழகத் தெரிந்த ஊழியர்களைக் கொண்டு நடத்துவது எந்தச் சறுக்கையும் விட மேலானது. வயதுப் பிரிவும் முக்கியம். சில கப்பல்களில் 13 முதல் 17 வரை ஒரே கூடம். பதின்மூன்று வயதுச் சிறுமிக்கும் பதினேழு வயது இளைஞனுக்கும் அங்கே பொதுவாகப் பேச எதுவும் இருப்பதில்லை. டிஸ்னி கப்பல்களில் 11 முதல் 14 வரை ஓரிடம், 14 முதல் 17 வரை வேறிடம் என்று பிரித்திருப்பது பிள்ளைகளின் இயல்பை அறிந்து செய்த ஏற்பாடு. இணையத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ராயல் கரீபியன் 2022 முதல் தன் கப்பல்களில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் வழி இணைய இணைப்பைப் பொருத்தத் தொடங்கியது. பிற நிறுவனங்களும் அவ்வழியில் வந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு அது வெளியுலகத் தொடர்பு. எங்களைப் போன்ற பெற்றோருக்கோ, இருபது தளங்களில் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கேட்டுப் பதில் பெறும் வழி.

முதியவர்கள் கேட்பது குறைவு. நிழலில் உட்கார ஓர் இடம், ஓயாத இசை இல்லாத ஒரு மூலை, கடலைப் பார்த்தபடி நடக்க ஒரு பாதை. புதிய பெருங்கப்பல்கள் பலவற்றின் முகம் கடலை விட்டு உள்பக்கம் திரும்பிவிட்டது. கடைவீதியும் பூங்காவும் நடுவில் இருக்க, பால்கனிகளில் சில கூட அந்தப் பூங்காவையே பார்க்கின்றன. ஓயாசிஸ் கப்பலின் நடுவில் வானம் பார்த்த நிலையில் உள்ள தோட்டம் அமைதியாக அமர நல்ல இடம் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் கடலைப் பார்க்க வந்தவருக்குக் கப்பலைச் சுற்றி வரும் திறந்த நடைபாதைக்கு ஈடு எதுவும் இல்லை. கப்பலின் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கீழ்த்தளங்களில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுப்பது நல்லது. கப்பல் கரையில் கட்டப்படாமல் நங்கூரமிட்டு நின்று, பயணிகளைச் சிறு படகுகளில் ஏற்றி அனுப்பும் ஊர்களில், நடக்கச் சிரமப்படுவோர் இறங்க முடியாமலே போகலாம். பயணத் திட்டத்தில் அத்தகைய ஊர்கள் எத்தனை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

துணையை இழந்து தனியாக வரும் பெரியவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அறைக் கட்டணம் இருவருக்கு என்று கணக்கிடப்படுவதால், தனி ஒருவர் பல வேளைகளில் ஏறக்குறைய இருவருக்கான தொகையைத் தர வேண்டியிருக்கிறது. 2010-ல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் ஒருவருக்கான 128 அறைகளை அமைத்தார்கள்; அதன் பிறகு பிற நிறுவனங்களும் அவ்வாறு செய்கின்றன. அந்த அறைகளில் சிலவற்றைக் குடும்ப அறைகளின் பக்கத்திலேயே வைத்தால் எத்தனையோ தாத்தாக்களும் பாட்டிகளும் மறுக்காமல் வருவார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட குடும்பங்களுக்கு விர்ஜின் வாயேஜஸ், வைக்கிங் போன்ற, பதினெட்டு வயது நிறைந்தோரை மட்டுமே ஏற்கும் நிறுவனங்கள் உள்ளன. அவர்கள் அங்கே செல்வதே எல்லாருக்கும் நல்லது.

கூடும் இடம் என்று பார்த்தால், இரவு உணவு மேசைதான் முதன்மையானது. பெரியவர்கள் நிதானமாக உண்ண விரும்புவார்கள், ஏழு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. சில கப்பல்களில் பிள்ளைகளுக்கு முதலில் பரிமாறிவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் மன்ற ஊழியர்களே மேசைக்கு வந்து அழைத்துச் செல்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து தொடங்கி, அவரவர் நேரத்தில் எழுந்து போகும் இந்த ஏற்பாட்டைப் போல் குடும்பங்களைப் புரிந்துகொண்ட ஏற்பாடு வேறொன்றை நான் பார்க்கவில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்கத் தயங்க வேண்டாம். 2012 ஜனவரியில் 'கோஸ்டா கன்கார்டியா' என்ற பயணிகள் கப்பல் இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதிக் கவிழ்ந்த பிறகு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று பன்னாட்டு விதி திருத்தப்பட்டு, 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணங்களில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதற்குரிய உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பதும் விதி. அறையில் அது இல்லையென்றால் ஊழியரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை மன்றத்தில் இருக்கும்போது அபாய ஒலி எழுந்தால், ஆபத்து நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடத்துக்கு ஊழியர்கள் அவனை அழைத்து வருவார்களா, நீங்கள் போய் அழைத்துக்கொள்ள வேண்டுமா என்பதை முதல் நாளே தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் இப்போது முன்பதிவு செய்யும் எண்ணத்தில் இருந்தால், விளம்பரப் படங்களை ஒதுக்கிவிட்டு அந்தக் கப்பலின் தள வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சிறுவர் பகுதிக்கும் உணவகத்துக்கும் இடையே எத்தனை தளம், உங்கள் அறைக்கு நேர்மேலே நடனக் கூடமோ நீச்சல் குளமோ இருக்கிறதா, பெற்றோரின் அறையிலிருந்து லிஃப்ட் எவ்வளவு தூரம் என்பவை அதில் தெரிந்துவிடும். உள்கதவால் இணைந்த அறைகள் அவ்வரைபடங்களில் தனிக் குறியிட்டுக் காட்டப்பட்டிருக்கும். அவை எண்ணிக்கையில் குறைவு, விடுமுறைக் காலப் பயணங்களில் முதலில் தீர்ந்துவிடுபவையும் அவையே. ஆதலால் பெரிய குடும்பமாகச் செல்வோர் பயணத் தேதியை உறுதி செய்வதற்கு முன்பே அந்த அறைகள் கிடைக்கின்றனவா என்று கேட்டுவிட வேண்டும்.