சித்திரையில் நாறும் பச்சைத் தொட்டி

கேள்வி: பெருந்துறை அருகே பெண்கள் விடுதி நடத்துகிறேன். எங்கள் கழிவுநீர்த் தொட்டி மாசி வரை பச்சைப் பசேலென்று இருக்கும், நாற்றமே இல்லை. சித்திரையில் பழுப்பாகி நாறுகிறது. இந்தப் பாசியில் டீசல் எடுக்கலாமாமே, நம் வெயிலுக்கு ஒத்து வருமா? - ஒரு வாசகி

பதில்: டீசலை மறந்துவிடுங்கள் அம்மா. கோபர் கேஸ் மாதிரி எரிவாயு என்றால் பேசலாம்.

முதலில் நாற்றம். பகலில் பாசி விடும் ஆக்சிஜனை வைத்துக்கொண்டு பாக்டீரியா கழிவைத் தின்கிறது. அது விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்கிறது. சண்டையில்லாத சம்பந்திகள் மாதிரி. வெயில் ஏறினால்தான் வம்பு. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 40 டிகிரியில் ஆறரைகூடத் தேறாது. பாக்டீரியாவுக்கோ சூட்டில் பசி கூடும். சாதாரண குளோரெல்லா பாசி 35-ஐத் தாண்டினாலே தளர்ந்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்தால் நாற்றம்தான். மொட்டை மாடியில் நான் பாசி வளர்த்த பக்கெட்டில் ஒரு மே மாதம் மதியம் மூன்று மணிக்கு 42 காட்டியது. மறுநாள் காலை மேலே டீத்தண்ணீர் நிறம், அடியில் விரற்கடை அளவு வெளிறிய சேறு. என் மனைவி பக்கெட்டோடு தூக்கி எறிந்துவிட்டார்.

டீசலுக்கு அமெரிக்க அரசே 1978 முதல் 1996 வரை மெனக்கெட்டது. நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் குளம் வெட்டினார்கள்; அங்கே குளிர்ந்த இரவுகள் விளைச்சலைக் கெடுத்தன. நைட்ரஜன் தராமல் பட்டினி போட்டால் பாசிக்குள் எண்ணெய் ஏறுகிறது, ஆனால் வளர்ச்சி படுத்துவிடுகிறது. விடுதிக் கழிவில் நைட்ரஜனுக்கா பஞ்சம்? பட்டினி எங்கே போடுவது! ஆயிரம் லிட்டருக்கு உலர்ந்த பாசி அரைக் கிலோ கிடைத்தாலே பெரிது, அதையும் காயவைக்க வேண்டும்.

கேஸுக்குக் காயவைக்கும் வேலை இல்லை. ஸ்பெயினின் சிக்லானாவில் ஊர்ச் சாக்கடைத் தண்ணீரில் பாசி வளர்த்து, அதிலிருந்து கேஸ் எடுத்துக் காரே ஓட்டினார்கள். ஆனால் பாசியை மட்டும் கோபர் கேஸ் கலத்தில் போடாதீர்கள். செல்சுவர் கெட்டி, நைட்ரஜனும் அதிகம், கேஸ் மெதுவாகத்தான் வரும். மிச்சச் சோறு, காய்கறித் தோல் கலந்து போடுங்கள்.

தொட்டியின் ஆழத்தை நீங்கள் எழுதவில்லை. ஒரு முழத்துக்கும் குறைவென்றால் சீக்கிரம் சூடேறும். பதினொரு மணிக்கு மேல் பாதித் தொட்டிக்காவது நிழல்வலை இழுத்து விடுங்கள். அப்புறம், மே கடைசியிலும் ஓரத்தில் கொஞ்சம் பச்சை ஒட்டியிருக்கும். சூட்டைத் தாங்கிய பாசி அதுதான். கையுறை போட்டுக்கொண்டு ஒரு குடம் அள்ளி நிழலில் வைத்திருந்து, அடுத்த முறை தொட்டி பழுப்படிக்கத் தொடங்கும்போது திரும்ப ஊற்றுங்கள்.