பிந்தி வந்தவனின் கூலி

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். மார்த்தாண்டம் பக்கத்தில் கட்டட கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராகவும் இருக்கிறேன். போன ஞாயிறு மத்தேயு 20, திராட்சத்தோட்ட வேலைக்காரர் உவமை பாடம். விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "சார், இது சரியில்லையே" என்றாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் எனக்கே அது சரியாகப் படவில்லை. என் சைட்டில் நான் இப்படிச் சம்பளம் போட்டால் மறுநாள் காலையில் எவன் வருவான்?

இன்னொன்றும் உண்டு. என் அப்பா வாழ்நாள் முழுக்கச் சபைக்கு உழைத்தவர். கொயரில் பாடினார், கமிட்டியில் இருந்தார், கோயில் கட்டியபோது கல் சுமந்தார். எங்கள் தெருவில் குடித்தே காலத்தைக் கழித்த ஒருவர், சாவதற்குச் சில மாதம் முன்னால் மனந்திரும்பிச் சபைக்கு வந்தார். அவருடைய அடக்க ஆராதனையில் போதகர், அப்பாவுக்குச் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார். அம்மாவுக்கு அது பெரிய வருத்தம், எனக்கும்தான். இயேசு நியாயமாகத்தான் பேசுகிறாரா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

அந்தப் பிள்ளை சொன்னதில் தப்பே இல்லை. அவள் கேட்டதைத்தான் கதைக்குள்ளேயே காலையில் வந்தவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டும் என்றே இயேசு கதையை அப்படி அமைத்திருக்கிறார். எஜமான் தன் காரியக்காரனிடம் "பிந்தி வந்தவர்கள் தொடங்கி" கூலி கொடுக்கச் சொல்கிறார். முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால், பேசின கூலியை மடியில் முடிந்துகொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒரு சண்டையும் வந்திருக்காது. அவர்களை நிறுத்தி, பார்க்க வைத்து, அப்புறம்தான் கொடுக்கிறார்.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஒரு பக்கம் பின்னால் போக வேண்டும். வேதப் புத்தகத்தை அதிகாரம் அதிகாரமாகப் பிரித்தது 13-ஆம் நூற்றாண்டில். மத்தேயு எழுதியபோது 19-க்கும் 20-க்கும் நடுவே இடைவெளி கிடையாது. ஐசுவரியமுள்ள வாலிபன் துக்கத்தோடு திரும்பிப் போகிறான். அதைப் பார்த்த பேதுரு, நாங்கள் எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். இயேசு அவரைக் கோபிக்கவில்லை. நூறத்தனையாய் அடைவீர்கள் என்று சொல்லிவிட்டு, "முந்தினோர் அநேகர் பிந்தினோராயும்" இருப்பார்கள் என்று சேர்த்துச் சொல்கிறார். அதை விளக்கத்தான் இந்த உவமை. கதை முடிந்து சில வசனங்கள் தாண்டியதும் சீடர்களான செபெதேயுவின் குமாரருடைய தாய் வந்து, என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் உம்முடைய வலதுபக்கமும் இடதுபக்கமும் இடம் வேண்டும் என்கிறாள். இத்தனைக்கும் அவர்கள் எருசலேமுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், சிலுவை பக்கத்தில் வந்துவிட்டது. ஆக, இந்த உவமை கூட இருக்கிறவர்களுக்குச் சொன்னது. வெகுநாளாக உழைத்தவர்களுக்கு, கணக்குப் பார்க்க ஆரம்பித்தவர்களுக்கு. நீங்களும் நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம், தம்பி.

இப்போது ஐந்து மணிக்காரனைப் பார்ப்போம். நம்மில் பலர் அவனைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு பிரசங்கம் பண்ணுகிறோம். எஜமான் அவனிடம், பகல் முழுவதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். அதற்கு அவர்கள் சொல்லும் பதில், "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." நம் ஊர் ஜங்ஷன்களில் காலை ஏழு மணிக்குப் போனால், வடக்கே இருந்து வந்த பையன்கள் சோற்றுப் பாத்திரப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே அங்கிருந்து ஆள் எடுத்திருப்பீர்கள். டெம்போ வந்து நின்றதும் திடமான ஆட்கள் முதலில் ஏறுவார்கள். ஒன்பது மணிக்குக் கூட்டம் பாதியாகும். பத்தரைக்கும் அங்கே நிற்கிறவன் யார்? வயதானவன், விரலில் கட்டுப் போட்டிருக்கிறவன், பேச்சு புரியாதவன். வெயில் ஏறினதும் சாத்தியிருக்கிற கடைத் திண்ணைக்கு ஒதுங்குவான். வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து வருவான், மறுபடி போய் உட்காருவான். அப்படி ஒருவரை ஒரு நாள் பதினொரு மணி தாண்டியும் பார்த்தேன். பையைத் திறந்து, கொண்டுவந்த சோற்றைத் தின்னலாமா வேண்டாமா என்று யோசித்து, திரும்ப மூடி வைத்தார். உவமையில் அந்த மனிதன் ஐந்து மணி வரைக்கும் நிற்கிறான். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்கிறவன்தான் அவ்வளவு நேரம் நிற்பான்.

காலையில் வந்தவர்கள் "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும்" சகித்ததாகச் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு அரிசி போகும் என்பது காலை ஆறு மணிக்கே அவர்களுக்குத் தெரியும். அந்த நிம்மதியோடு வேலை பார்த்தார்கள். மற்றவனுக்கும் அதே வெயில்தான், நிம்மதி மட்டும் இல்லை.

அப்புறம், ஆளுக்குக் கூலியாகக் கொடுத்த அந்த ஒரு பணம். அது அன்றைய நாள்கூலி, ஒரு குடும்பத்தின் அன்றைய சாப்பாடு. கூலிக்காரனுக்கு அன்றன்றைக்கு, பொழுது போவதற்கு முன்னே கூலி கொடுத்துவிட வேண்டும், அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்று உபாகமம் 24-இல் கட்டளையே இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் அது மனப்பாடம். ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால் பணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரும். அதை வைத்துக்கொண்டு அந்த மனிதன் என்ன செய்வான்? பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் சோறு போடுவானா? எஜமான் அவன் வேலை பார்த்த நேரத்தோடு அவன் வீட்டு அடுப்பையும் பார்த்தார். நான் வாசிக்கிறபடி கதையின் நெஞ்சு அங்கேதான் இருக்கிறது. அந்த எஜமான் ஒரே நாளில் ஐந்து முறை கடைத்தெருவுக்குப் போகிறார். கூலி கொடுக்கக் காரியக்காரன் இருக்கிறான், ஆள் கூப்பிட மட்டும் ஒவ்வொரு தடவையும் தானே போகிறார். ஆள் பற்றாக்குறைக்காகப் போகிறவர் ஐந்து மணிக்குப் போக மாட்டார்.

சரி, உங்கள் சைட்டுக்கு வருவோம். மறுநாள் எவன் வருவான் என்று கேட்டீர்கள். இயேசு இங்கே சம்பளச் சட்டம் போடவில்லை, பரலோகராஜ்யம் எப்படிப்பட்டது என்று சொல்கிறார். ஆனால் இது பரலோகத்துக்கு மட்டும், நம் மேஸ்திரிக் கணக்குக்கு இல்லை என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருக்கவும் என்னால் முடியவில்லை. ஜான் ரஸ்கின் என்ற ஆங்கிலேயர் இந்த உவமையின் 14-ஆம் வசனத்திலிருந்து தலைப்பு எடுத்து 1860-இல் பொருளாதாரக் கட்டுரைகள் எழுதினார். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் காந்தி அதைப் படித்தார், அன்று இரவு தூங்கவில்லை. பின்னால் அதைச் 'சர்வோதயம்' என்று குஜராத்தியில் எழுதினார். டர்பன் பக்கத்தில் பீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கி, பத்திரிகை அச்சகத்தை அங்கே மாற்றியபோது, நிறமோ நாடோ பார்க்காமல் ஆளுக்கு மாதம் மூன்று பவுண்டு என்று திட்டம் போட்டார். அதற்குச் சம்மதிக்காதவர்கள் பழைய சம்பளத்தையே வாங்கிக்கொள்ளலாம் என்றும் விட்டார். கதையில் வரும் எஜமானும் முதலில் வந்தவனிடம் பேசின கூலியைக் குறைக்கவில்லையே! "சிநேகிதனே, நான் உனக்கு அநியாயஞ்செய்யவில்லை" என்று அவரால் சொல்ல முடிந்தது அதனால்தான். தயவு காட்டுகிறவன் முதலில் பேச்சு மாறாதவனாக இருக்க வேண்டும்.

உங்கள் தொழிலில் இது எங்கே வரும் என்றால், மழையில் வரும். இடவப்பாதியிலும் ஐப்பசியிலும் நம் பக்கத்தில் பாதி வேலை நாள் போய்விடும். ரப்பர் தோட்டத்தில் பட்டை நனைந்தால் பால் சிரட்டையில் விழாமல் மரத்தோடு வழிந்துவிடும், அன்றைக்கு வெட்டுக் கிடையாது. கட்டட வேலையிலும் அப்படித்தான். குலசேகரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிற கையாள், சாந்து குழைத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொள்கிறது. அவனைக் கால் நாள் சம்பளத்தோடு அனுப்புகிறோமா, பஸ் காசு மட்டும் கொடுக்கிறோமா, அன்றைக்கு அவன் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் வாங்கும் அளவுக்காவது கொடுக்கிறோமா? மழை அவன் குற்றம் இல்லை. மற்ற ஆட்கள் முறுமுறுத்தால் முறுமுறுக்கட்டும், அடுத்த மழை அவர்களுக்கும் வரும்.

முறுமுறுத்தவர்கள் சொன்ன வார்த்தையைக் கவனித்தீர்களா? "எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே" என்கிறார்கள். எங்கள் பணம் குறைந்துவிட்டது என்று சொல்லவில்லை, குறையவும் இல்லை. அவனும் நானும் ஒன்றா என்பதுதான் அவர்கள் தாங்கமாட்டாத காரியம். இந்தக் குரலை நம் குமரி ஜில்லாவுக்கு நன்றாகத் தெரியும். கல்குளம், விளவங்கோடு பக்கத்து நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தியதற்காகச் சந்தையிலும் சாலையிலும் துணி கிழிக்கப்பட்டார்கள். அவர்கள் குப்பாயம் என்கிற ரவிக்கை போட்டதால் எந்த மேல்சாதிப் பெண்ணின் சேலையிலும் ஒரு முழம் குறையவில்லை. கடைசியில் 1859-இல் திருவிதாங்கூர் மகாராஜா விளம்பரம் போட்டார். குப்பாயம் போடலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. துணியைக் கொடுத்தாலும் சமத்தைக் கொடுக்க மனம் வரவில்லை.

அவ்வளவு பாடுபட்டு வந்த நாமும் சபைக்குள் அதையே செய்கிறோம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. "நாங்க மயிலாடி காலத்துக் கிறிஸ்தவங்க" என்று சொல்வதை எத்தனை கல்யாணப் பேச்சில் கேட்டிருப்பீர்கள். மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார், 1809-இல் அங்கே கோயில் எழும்பியது. பெரிய காரியம்தான். ஆனால் பிரான்சிஸ் சவேரியார் 1544-லேயே நம் கடற்கரையில் முக்குவர் என்ற மீனவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால் இயேசுவின் சீடர் தோமா வந்தார் என்கிறது திருவிதாங்கோட்டுக் கோயிலின் பாரம்பரியம். மணிக்கணக்கு பார்த்தால் கடற்கரைக்காரர்கள் நமக்கு முன்னால் தோட்டத்தில் இறங்கினவர்கள். அவர்களை எந்த இடத்தில் வைத்துப் பேசுகிறோம் என்று நமக்கே தெரியும். எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்ட பேதுருவும் வலை போட்டவர்தான். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது 1745-இல், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டது 1752-இல். கிறிஸ்தவராக வாழ்ந்தது ஏழே வருடம். 2022-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது சர்வீஸ் எத்தனை வருடம் என்று யாரும் கேட்கவில்லை.

இனி அப்பா. இதற்குப் பதில் எழுதத்தான் எனக்குத் தயக்கம்.

உங்கள் தெருக்காரரை ஐந்து மணிக்காரன் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து மணிக்காரனை யாரும் அதுவரை கூப்பிடவில்லை, கூப்பிட்டதும் உடனே போனான். கூப்பிட்டும் போகாமல், சாகும் முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறவனுக்கு இந்த உவமையில் ஆறுதல் எதுவும் இல்லை. அப்படிப் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் உவமையை மலிவாக்குகிறார்கள். உங்கள் தெருக்காரருக்கு ஏற்ற இடம் லூக்கா 23, சிலுவையில் தொங்கின கள்ளன். அவனுக்கு உழைக்க ஒரு மணி நேரம்கூட இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று அவனிடம் சொன்ன இயேசுவிடம் போய், இது அதிகம் என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அந்த மனிதருடைய குடியால் அவர் மனைவியும் பிள்ளைகளும் பட்டது வேறு கணக்கு. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றான். அவருக்கு அதற்கு நாள் இருக்கவில்லை. அந்த வீட்டுக்குச் சபை ஏதாவது செய்கிறதா? போதகரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அவருக்கு நிறையக் கிடைத்துவிட்டதே என்பது அம்மாவின் மனதில் இருக்காது. அப்பாவின் உழைப்பை யாரும் பார்க்கவில்லையோ என்ற பயம்தான் இருக்கும். ஆனால் தம்பி, அப்பா கூலிக்காகவா பாடினார்? ஞாயிற்றுக்கிழமை காலையில் கொயர் பெஞ்சில் உட்காருவது அவருக்குப் பாரமாகவா இருந்தது? சண்டை, சச்சரவு, பட்டினி எல்லாவற்றிலும் போய் உட்கார அவருக்கு ஓர் இடம் இருந்தது, தெரிந்த பாட்டு இருந்தது, பக்கத்தில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். மற்ற மனிதருக்கு அது கடைசிச் சில மாதம்தான் கிடைத்தது. அம்மாவிடம் இதைப் பேசிப் பாருங்கள், விவாதமாகப் பேச வேண்டாம். அப்பா எந்தப் பாட்டை விரும்பிப் பாடுவார் என்று கேட்டு ஆரம்பியுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை நாம். வருகிற ஞாயிறு மத்தேயு 19:27-இல் தொடங்கி 20:28 வரை நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பிள்ளைகளையே வேலைக்காரர்களாக வரிசையில் நிறுத்தி நடிக்க வையுங்கள். அவளைக் கடைசியில் வந்தவளாக நிற்கச் சொல்லுங்கள், கூலி கைக்கு வந்ததும் என்ன தோன்றியது என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம்.

அன்புடன்,
அண்ணன்