மும்பை, பெங்களூரில் பெரிய நிறுவனங்களின் தலைமையகங்கள் குவிந்திருக்கும்போது சென்னையில் ஏன் குறைவு? வேலைக்கு எந்த நகரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

கேள்வி கேட்டிருப்பவர் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் சித்தப்பாவோ மாமாவோ, "பெரிய கம்பெனிகள் எல்லாம் மும்பையில் இருக்கின்றன, நீ ஏன் சென்னையையே கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்று குத்திக்காட்டியிருப்பார். எந்த நகரத்தில் எத்தனை தலைமையகம் என்று எண்ணிப் போட்ட பட்டியல் ஒன்றும் கைபேசியில் வந்து சேர்ந்திருக்கும். அந்தப் பட்டியலைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. பணிக்காலத்தின் பெரும்பகுதியை சென்னையில், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் செக்ரடேரியல் பிரிவில், அதாவது பங்குதாரர் விவகாரங்களையும் கம்பெனிச் சட்ட வேலைகளையும் கவனிக்கும் பிரிவில் கழித்தவன் நான். ஒரு தலைமையகம் ஊரைவிட்டுப் போவதை உள்ளே இருந்து பார்த்தவன்.

முதலில், பட்டியல் போடுபவர்கள் எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். கம்பெனிச் சட்டத்தில் 'தலைமையகம்' என்று ஒன்று கிடையாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு கேட்பதெல்லாம் பதிவு அலுவலகம்தான். அரசின் கடிதமும் நீதிமன்ற நோட்டீஸும் வந்து சேர ஒரு முகவரி வேண்டும், அவ்வளவே. நிர்வாகம் நடக்கும் கார்ப்பரேட் அலுவலகம் வேறு ஊரில் இருக்கலாம். ஐசிஐசிஐ வங்கியின் பதிவு அலுவலகம் வதோதராவில் இருக்கிறது, ஆக்சிஸ் வங்கியினுடையது அகமதாபாத்தில். இரண்டும் இயங்குவது மும்பையிலிருந்து. இந்தியன் ஆயில் பதிவாகியிருப்பது மும்பையில், அதன் கார்ப்பரேட் அலுவலகம் டெல்லியில். ஹூண்டாயின் இந்திய நிறுவனத்துக்குப் பதிவு முகவரி நம் இருங்காட்டுக்கோட்டைதான், ஆனால் கார்ப்பரேட் அலுவலகம் குருகிராமில். எனக்குப் பிடித்த உதாரணம் டைட்டன். டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய நிறுவனம். காகிதத்தில் அது ஓசூர்க்காரர், நிர்வாகம் எல்லையைத் தாண்டி பெங்களூரில். இதை எந்த நகரத்தின் கணக்கில் எழுதுவீர்கள்?

பதிவு முகவரியை வைத்து எண்ணினால் ஒரு விடை, நிர்வாக இயக்குநரின் அறை இருக்கும் ஊரை வைத்து எண்ணினால் வேறு விடை. வருவாயை வைத்து வடிகட்டினால் இன்னும் வேடிக்கை. ஃபார்ச்சூன் இதழின் உலக 500 பட்டியலில் 2024-இல் பெங்களூருக்கு இடம் வாங்கித் தந்தது இன்ஃபோசிஸோ விப்ரோவோ அல்ல, தங்கம் சுத்திகரித்து விற்கும் ராஜேஷ் எக்ஸ்போர்ட்ஸ். தங்க வியாபாரத்தில் லாபம் மெலிந்தது, விற்றுமுதல் மலைபோன்றது. அந்தப் பட்டியல் பார்ப்பது விற்றுமுதலைத்தான். உலக அளவில் அதிகத் தலைமையகங்களோடு பெய்ஜிங் முன்னிலையில் இருப்பதற்குக் காரணம், சீன மத்திய அரசின் பெரிய நிறுவனங்கள் தலைநகரில் குவிந்திருப்பது. பல ஆண்டுகளாக அதே பட்டியலின் முதலிடத்தில் இருந்துவந்த வால்மார்ட்டோ, ஆர்கன்சாவில் பெண்டன்வில் என்ற சிற்றூரில் இருக்கிறது. அதற்காக அமெரிக்கர்கள் யாரும் நியூயார்க்கைக் காலி செய்துவிட்டு அங்கே குடியேறவில்லை.

இப்போது என் கதை. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், பழகியவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். அம்பத்தூரில் தொழிற்சாலை, அண்ணா சாலையை ஒட்டிய தெருவில் அலுவலகம், நிறுவனரின் குடும்பமே நிர்வாகம். மூன்றாம் தலைமுறையில் அண்ணன் தம்பிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. பங்குகளை வடநாட்டுக் குழுமம் ஒன்றுக்கு விற்றார்கள். புதிய முதலாளிகள் வந்து எல்லோரையும் கூட்டி, "எதுவும் மாறாது" என்று உறுதியளித்தார்கள். முதலில் வங்கிக் கணக்குகளும் கடன் விவகாரங்களும் குருகிராமுக்குப் போயின. பிறகு கொள்முதல், அப்புறம் மனிதவளம். யாரையும் வேலையைவிட்டு நீக்கவில்லை. ஓய்வு பெற்றவரின் இடத்தில் சென்னையில் ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பதிவு அலுவலகம் மட்டும் அசையவில்லை. எங்கள் மீது இருந்த பாசத்தால் அல்ல. பதிவு அலுவலகத்தை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்ற வேண்டுமானால் பங்குதாரர்களிடம் வாக்கெடுத்துச் சிறப்புத் தீர்மானம் போட வேண்டும், நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும், கடன் கொடுத்தவர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும், மத்திய அரசின் மண்டல இயக்குநரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் எஞ்சியவை இரண்டு அறைகள், பங்குதாரர் பதிவேடுகள் அடுக்கிய இரும்பு பீரோக்கள், வாசலில் ஒரு பெயர்ப்பலகை. அந்தப் பலகையில் பெயரும் முகவரியும் அந்தந்த ஊரில் வழங்கும் மொழியின் எழுத்திலும் இருக்க வேண்டும் என்று அதே 12-ஆவது பிரிவு சொல்கிறது. பழைய பலகை இற்றுப்போனபோது தமிழில் புதிதாக எழுதவைத்தவன் நான்தான். குருகிராமிலிருந்து ஒருவர் அந்தச் செலவுக்கு விளக்கம் கேட்டார். சட்டப் பிரிவை எழுதி அனுப்பினேன்.

அப்போதும் பட்டியல்களில் எங்கள் நிறுவனம் 'சென்னை' என்றுதான் வந்துகொண்டிருந்தது. கம்பெனிகளின் அடையாள எண்ணில் மாநிலக் குறியீடு ஒன்று உண்டு. அது தமிழ்நாடு என்று சொல்லும்வரை, எண்ணுகிறவர்களுக்கு நாங்கள் சென்னைக்காரர்கள். அந்த எண்ணே இன்னொரு வேடிக்கை காட்டும். விப்ரோ 1945-இல் மகாராஷ்டிரத்தின் அமல்நேரில் தாவர எண்ணெய் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம். இன்று அதன் எண்ணில் கர்நாடகக் குறியீடும் 1945 என்ற ஆண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விவரம் தெரியாதவர் அது பெங்களூரில் பிறந்த பிள்ளை என்றே நினைப்பார். இன்ஃபோசிஸும் 1981-இல் புனேயில் தொடங்கி 1983-இல் பெங்களூருக்கு வந்ததுதான்.

உண்மையில் எது போனது என்று கேட்டால், கையெழுத்து போனது என்பேன். முன்பு அம்பத்தூரில் கம்ப்ரஸர் பழுதானால் மேலாளர் தொலைபேசியில் சொல்வார், மாலைக்குள் கோப்பு இரண்டாம் மாடியிலிருந்து கையெழுத்தாகி வந்துவிடும். பிறகு எல்லாமே இணையத்தில் விண்ணப்பம். நாங்கள் தீபாவளி முடித்து வேலைக்குத் திரும்பும்போது அங்கே அவர்களுடைய தீபாவளி ஆரம்பித்திருக்கும். நாங்கள் காத்திருப்போம். முதல் ஆண்டு அங்கிருந்து வந்த விடுமுறைப் பட்டியலில் ஹோலி இருந்தது, பொங்கல் 'விருப்ப விடுமுறை' என்றிருந்தது. காலாண்டு ஆய்வுக் கூட்டத்தைப் பொங்கலன்று வைத்தார்கள். நான் போகவில்லை.

அலுவலகத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்குத்தான் அடி பலம். எங்கள் ஆண்டறிக்கை ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் அச்சாகும். இயக்குநர் குழு கணக்கை ஏற்ற அன்று இரவு, நாங்கள் இரண்டு மூன்று பேர் அங்கேயே உட்கார்ந்து ஃபாரம் ஃபாரமாக மெய்ப்புப் பார்ப்போம். மை காயாத தாளில் ஐந்தொகையின் இரண்டு பக்கக் கூட்டலும் ஒத்துப்போகிறதா என்று ஒருவர் வாசிக்க இன்னொருவர் விரல் வைத்துச் சரிபார்ப்பார். விடியற்காலையில் அச்சக முதலாளி இட்லி வாங்கி வருவார். தலைமை மாறியதும் அச்சு வேலை வடக்கே போய்விட்டது. மயிலாப்பூர்த் தணிக்கையாளர் போனார். அவரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற சிஏ பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு பெரிய கம்பெனியின் கணக்கைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும் போனது. மார்கழிக் கச்சேரி மலருக்கு நாங்கள் கொடுத்துவந்த முழுப்பக்க விளம்பரமும் நின்றது. அம்பத்தூர்த் தொழிலாளிக்கு மட்டும் அதே ஷிப்டு, அதே சம்பளம். ஒரு தலைமையகம் நகரத்துக்கு என்ன தருகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான்.

'சென்னைக்கு வக்காலத்து வாங்குகிறார்' என்று யாராவது எழுதுவீர்கள். வாங்கவில்லை. சென்னையில் தலைமையகமே இல்லை என்பதுபோல் பேசுவதைத்தான் மறுக்கிறேன். எம்ஆர்எஃப், அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், முருகப்பா குழுமம், இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. மும்பைக்கு ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி, இரண்டு பெரிய பங்குச் சந்தைகள் என்ற ஈர்ப்பு இருக்கிறது. அதோடு போட்டியிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு நகரம் தலைமையகத்தை இழப்பது எப்போதும் அதன் திறமைக் குறைவால் அல்ல. அண்ணா சாலை எல்ஐசி கட்டடத்தைப் பாருங்கள். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தம் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கட்ட ஆரம்பித்தது அது. 1954-இல் அவர் விமான விபத்தில் இறந்தார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. 245 நிறுவனங்களை ஒன்றாக்கி எல்ஐசி பிறந்தது, அதன் தலைமை பம்பாயில் அமர்ந்தது. கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டபோது, சென்னையின் மிக உயர்ந்த அந்த மாளிகை வேறு ஊரில் தலைமை உள்ள நிறுவனத்தின் சொத்து. அதே செட்டியார் 1937-இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் 1969-இல் நாட்டுடைமை ஆனது. வங்கிகளை ஒன்றாக இணைக்காமல் தனித்தனியாகவே விட்டதால் அதன் தலைமையகம் இன்றும் அதே சாலையில் இருக்கிறது. ஒரே மனிதர், ஒரே சாலை. டெல்லியில் எடுத்த முடிவு ஒன்று கொண்டுபோனது, ஒன்று விட்டுவைத்தது. பாங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐசிஐசிஐயில் கரைந்தது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020-இல் டிபிஎஸ் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. அதே கரூரில் கரூர் வைஸ்யா வங்கியும், கும்பகோணத்தில் சிட்டி யூனியனும், தூத்துக்குடியில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியும் நூறாண்டு கடந்து அசையாமல் இருக்கின்றன. எந்தப் பட்டியலிலாவது கும்பகோணத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. தலைமை வடக்கே போனதும் எங்களுக்குப் புதிய அடையாள அட்டை வந்தது. படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னெழுத்து மட்டும் போட்டால் கணினி ஏற்கவில்லை. அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து குருகிராமில் எல்லோரும் என்னை அப்பாவின் பெயரால் அழைத்தார்கள். எப்போதோ மறைந்துபோன மனிதருக்கு தினமும் மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. விளக்கிச் சொன்னேன். "இருக்கட்டும் சார், சிஸ்டம் அப்படி" என்றார்கள். ஓய்வுக்குப் பிறகு என் மாமனாரின் பழைய பங்குகளை மாமியார் பெயருக்கு மாற்றப் போனபோதும் இதே தலைவலி. பத்திரத்தில் முன்னெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையில் தந்தை பெயர் முழுதாக. மூவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, வேறு மாநிலத்திலுள்ள பங்குப் பதிவாளருக்கு அனுப்பினால், 'பெயர் பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்புகிறார்கள். நம்மூர்ப் பெயர் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி வரும் கடிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வோம்.

சரி, வேலை. நீங்கள் சிஏ, நிறுவனச் செயலர் படிப்பு, சட்டம், நிதி என்று போகிறவரானால் தலைமையகம் இருக்கும் ஊர் உண்மையிலேயே முக்கியம். கடன் திரட்டுவது, நிறுவனங்களை வாங்குவது, பங்கு வெளியிடுவது எல்லாம் கையெழுத்து இருக்கும் இடத்தில்தான் நடக்கும். சில ஆண்டுகளாவது மும்பைக்குப் போய் வாருங்கள், வாடகையைப் பார்த்து மலைக்காதீர்கள். பொறியியல் படித்தவரானால் இந்தப் பட்டியலைத் தூக்கிப் போடலாம். மஹிந்திராவின் தலைமையகம் மும்பையில், ஆனால் அதன் வாகன ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு பக்கத்தில். காக்னிசன்ட் 1994-இல் சென்னையில் தொடங்கி, தலைமையகத்தை நியூஜெர்சியில் வைத்திருக்கும் நிறுவனம். அதில் சேர நினைக்கும் பிள்ளைகள் யாரும் முதலில் நியூஜெர்சிக்கு டிக்கெட் வாங்குவதில்லை.

நேர்காணலுக்குப் போகும் முன் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் தரவிறக்கி, முதல் சில பக்கங்களில் பதிவு அலுவலகம், கார்ப்பரேட் அலுவலகம், தணிக்கையாளர், வங்கியாளர் விவரங்களைப் பாருங்கள். தணிக்கையாளரும் வங்கியாளரும் எந்த ஊர் என்று பார்த்தாலே நிர்வாகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஓரளவு ஊகித்துவிடலாம். பிறகு, நீங்கள் சேரப்போகும் பிரிவின் தலைவர் எந்த ஊரில் இருக்கிறார், எவ்வளவு தொகை வரை அவரே ஒப்புதல் தரலாம் என்று நேரிலேயே கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள்.